வழியிலேயே ஒரு காசி

வில்லியனூரில் வைகாசிப் பெருவிழாவுக்குக் கொடியேறும் நாள் நெருங்கினால், அவ்வூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழுகிறது. பெங்களூருவிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் பிள்ளைகளோடு தங்கிவிட்ட பெற்றோர்கள் இருக்கிறார்கள். கோகிலாம்பாள் உடனுறை திருக்காமீஸ்வரர் தேரேறும் கோலத்தைக் காணாமல் ஓர் ஆண்டைக் கழிக்க அவர்களுக்கு மனம் ஒப்புவதில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் தொட்ட தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் மரபு தொடர்கிறது. போகவேண்டும் என்பதில் வீட்டில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் வழக்கு.

“பிளைட்ல டிக்கெட் போட்டுடறேன்ப்பா. ஒரு மணி நேரம்தான், அலுப்பே தெரியாது” என்பார் மகன்.

“நீ ஒரு காருக்கு ஏற்பாடு பண்ணு, போதும். விடியற்காலையில கிளம்பினா பொழுது சாயறதுக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்துடலாம். போற வழியில அண்ணாமலையாரையும் ஒரு கும்பிடு போட்டுக்கலாம்” என்பார் தந்தை.

மகனுக்கு இது பழைய காலத்துப் பிடிவாதமாகத் தோன்றும். பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்றுகூட நினைப்பார். தந்தையின் கணக்கில் பணம் கடைசி வரியில்தான் வருகிறது. அதற்கு முன்னே உடம்பு இருக்கிறது, கையில் கொண்டுபோகும் பூஜைப் பொருள்கள் இருக்கின்றன, வழியிலிருக்கும் தெய்வங்கள் இருக்கின்றன. அந்தக் கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

புதுச்சேரியின் விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது. 1,500 மீட்டர் நீள ஓடுபாதை. பெரிய விமானங்கள் இறங்க இயலாது. எழுபது, எண்பது பேர் அமரும் சிறு விமானங்களே வந்துபோகின்றன. புதிய முனையம் திறந்து 2013 தொடக்கத்தில் ஆரம்பித்த சேவை மறு ஆண்டே நின்றது. 2015-இல் மீண்டும் முயன்றார்கள். 2017-இல் உடான் திட்டத்தின்கீழ் ஹைதராபாத்துக்குப் பறந்தது. பெருந்தொற்று வந்த 2020-இல் அதுவும் நின்றது. 2022 மார்ச்சில் தொடங்கி 2024 மார்ச்சில் ஓய்ந்தது ஒரு சுற்று. 2024 டிசம்பர் 20 முதல் பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் இப்போதைய சேவை நடைபெறுகிறது. வரும் தேரோட்டத்தின்போது விமானம் இருக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே பயணத்தைத் திட்டமிடும் பழக்கம் புதுவைக்காரர்களுக்கு இப்படித்தான் வந்தது. சாலையைப் பற்றி அப்படி யாரும் கேட்பதில்லை.

நேரத்தைப் பார்ப்போம். பெங்களூருவின் விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில், நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நகரின் தென்பகுதியில் வசிப்பவர் நெரிசலைக் கடந்து அங்கே போய்ச்சேர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பெட்டி வாங்கும் கவுண்டர் மூடிவிடும் என்பதால் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாக நிற்கச் சொல்கிறார்கள். வானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இறங்கிப் பெட்டிக்குக் காத்திருந்து, வண்டி பிடித்து, லாஸ்பேட்டையிலிருந்து வில்லியனூர் மாடவீதிக்கு வந்துசேர மேலும் ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகக் காரில் வந்தால் ஏறத்தாழ 310 கிலோமீட்டர். ஓட்டம் மட்டும் ஆறு ஏழு மணி நேரம். சாப்பாட்டுக்கும் தரிசனத்துக்கும் நிற்பது தனி. ஒரு மணி நேரம் என்று மகன் சொன்னது வானத்தில் கழியும் நேரத்தை மட்டுமே. மற்ற ஐந்து மணி நேரமும் தரையில்தான் கழிகிறது, அதுவும் பெரும்பாலும் வரிசையில் நின்றபடி.

சென்னையிலிருந்து வருபவருக்கு இந்தக் கேள்வியே எழாது. மூன்று மணி நேரச் சாலைப் பயணம். திருப்பதியோ இன்னும் வேடிக்கை. வில்லியனூரிலிருந்து விமானத்தில்தான் ஏழுமலையானைத் தரிசிப்பேன் என்று ஒருவர் புறப்பட்டால், லாஸ்பேட்டையில் ஏறி, ஹைதராபாத்தில் இறங்கி, அங்கே வேறு விமானம் மாறி ரேணிகுண்டாவில் இறங்கி, அதன்பின் காரில் மலையேற வேண்டும். வடக்கே போய்த் திரும்பவும் தெற்கே வருவதற்குள், காலையில் காரில் புறப்பட்ட அண்டைவீட்டார் காஞ்சிபுரத்தில் வரதரையும் சேவித்துவிட்டு அலிபிரிக்குப் போயிருப்பார்.

உடம்பின் கணக்கு நேரத்தைவிட முக்கியமானது. எழுபது வயதைக் கடந்தவர்களில் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்கள் பாதுகாப்பு வாயிலுக்குள் நுழைந்ததும் உள்ளே இருக்கும் உலோகம் மணியடிக்கிறது. தனியே நிறுத்திச் சோதிக்கிறார்கள். சோதிப்பவர்கள் பெரும்பாலும் மரியாதையாகவே நடந்துகொள்கிறார்கள். அது அவர்கள் கடமை. ஆயினும், இடுப்பு பெல்ட்டையும் செருப்பையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, கைகளை விரித்து நிற்கும் முதியவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்திருந்தாலும் அதைத் தள்ளும் பணியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நினைத்தபோது கழிப்பறைக்குப் போகமுடிவது சிறிய விஷயம் அன்று. இருக்கைவார் விளக்கு எரியும்போது எழுந்திருக்கக் கூடாது என்னும் விதி இளைஞர்களுக்கு ஒன்று. நீர்மாத்திரை விழுங்கிய எண்பது வயதுப் பாட்டிக்கு வேறொன்று. கார் எனில், “கொஞ்சம் நிறுத்துப்பா” என்று சொன்னால் போதும்.

உணவும் அப்படியே. ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் என்று விரதம் காப்பவர், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர், மடியாகச் சமைத்ததையே உண்பவர் ஆகியோருக்கு வீட்டு இட்லியும் மிளகாய்ப்பொடியும் புளியோதரையும் வாழையிலைப் பொட்டலமாக மடியில் இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. மரத்தடியில் வண்டியை நிறுத்தி, காகத்துக்கு ஒரு பிடி வைத்துவிட்டு உண்ணும் சாப்பாட்டை எந்த விமான நிலையமும் தரமுடியாது.

அடுத்து, கையிலிருக்கும் பை. யாத்திரைக்குப் புறப்படும் குடும்பத்தின் பையில் இருப்பவை என்ன? தேங்காய், கற்பூரம், தீப்பெட்டி, நெய், நல்லெண்ணெய், அகல், குலதெய்வத்துக்குச் செய்த சிறு வேல் அல்லது சூலம், திரும்பும்போது ஒரு செம்பு தீர்த்தம். இவற்றில் பெரும்பாலானவை விமான நிலையத்தில் சிக்கலுக்குள்ளாகின்றன. கற்பூரமும் தீப்பெட்டியும் எரிபொருள்கள். வேலும் சூலமும் கூர்முனைக் கருவிகள். உலர்ந்த தேங்காயும் கொப்பரையும் எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் என்று விலக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. சபரிமலைக்கு இருமுடி தாங்கிச் செல்வோர் நெய்த்தேங்காயைக் கையோடு கொண்டுபோக முடியாமல் தவித்ததால், 2024 மண்டல காலத்தில் 2025 ஜனவரி 20 வரை மட்டும் சோதனைக்குப் பிறகு அனுமதிப்பதாக மத்திய அரசு தனியே ஆணையிட வேண்டியிருந்தது. விமானத்தின் பாதுகாப்புக்கு இத்தகைய விதிகள் வேண்டியவையே. மூடிய கூட்டுக்குள் முப்பதாயிரம் அடி உயரத்தில் தீ என்பது விளையாட்டல்ல. அந்த விதிகளோடு வாதாடுவதில் பொருளில்லை. தலையில் ஏற்றிய இருமுடியைத் தட்டில் இறக்கிவைக்க விரும்பாதவர் தரைவழியைத் தேர்ந்துகொள்கிறார், அவ்வளவே.

உண்மையில் தரைவழியின் பலம் விமானத்தின் குறைகளில் இல்லை. அது வழியில் இருக்கிறது.

பெங்களூருவிலிருந்து வரும் அந்தத் தந்தையின் பாதையையே எடுத்துக்கொள்வோம். செங்கத்தைத் தாண்டியதும் அண்ணாமலை தொலைவில் நீலமாகத் தெரியத் தொடங்கும். உள்ளே போய்த் தரிசிக்க நேரமில்லாதவர்களும் வண்டியை நிறுத்தி மலையை வணங்கிச் செல்லலாம். அங்கே மலையே சிவம். அடுத்து செஞ்சி. கோட்டை மலைகளுக்கு நடுவே சாலை நுழைந்து வெளியேறும். அருகே சிங்கவரத்தில் குன்றைக் குடைந்த குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். படியேற இயலாதவர் அடிவாரத்திலிருந்தே சேவிக்கலாம். இந்தச் செஞ்சி மலைப்பகுதியில்தான் சங்கராபரணி பிறக்கிறது. வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகும் ஆறு இதுவே. ஆகவே செஞ்சியிலிருந்து ஊர் வரையிலும் பயணி தன் ஊர் ஆற்றின் துணையோடுதான் வருகிறார். அவர் ஒரு வளைவு வருவார், அது ஒரு வளைவு வரும்.

திண்டிவனத்துக்குப் பின் மயிலம். மயில் தோகை விரித்தது போன்ற குன்றின்மேல் முருகன். அதன்பின் பஞ்சவடியில் 36 அடி உயர ஐம்முக ஆஞ்சநேயர். ஊசுட்டேரியின் கரையோரம் திரும்பினால் வில்லியனூர்க் கோபுரம். சற்றே விலகிப் போக இசைபவருக்கு ஆற்றங்கரைத் திருவக்கரை இருக்கிறது. வக்கிரகாளியும் மும்முக லிங்கமும் உள்ள தலம், ஞானசம்பந்தர் பாடியது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் திருவாண்டார்கோயில். அதுவும் சம்பந்தர் பாடிய வடுகூர். அதே சாலையில் திருபுவனையின் தோதாத்ரிநாதப் பெருமாள் கோயில், சோழர் காலத்துக் கற்றளி.

சம்பந்தர் இப்பகுதிகளுக்கு எப்படி வந்தார்? நாவுக்கரசர் உழவாரம் தாங்கிக் கால் தேய நடந்தவர். சம்பந்தர் சிவன் அருளிய முத்துச்சிவிகையில் வந்தவர். ஒருவர் நடை, ஒருவர் வாகனம். அதனால் பெருமை ஒருவருக்குக் கூடவும் இல்லை, ஒருவருக்குக் குறையவும் இல்லை. ஆகவே வாகனத்தில் போவது யாத்திரைக்கு இழுக்கு என்று எண்ண வேண்டியதில்லை. சிவிகையும் ஊர் ஊராக நின்று போயிற்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பெரியபுராணத்தில் வான்வழிப் பயணமும் உண்டு. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் திருக்கயிலைக்கு எழுந்தருளினார்கள். அதற்குத் திரும்பும் டிக்கெட் கிடையாது.

கார் இருந்தால் மட்டுமே எளிதாகும் வழிபாடு ஒன்று இந்தப் பகுதிக்கே உரியது. பரிக்கல், பூவரசன்குப்பம், சிங்கிரிகுடி ஆகிய மூன்று தலங்களின் நரசிம்மரையும் ஒரே நாளில் சேவிப்பது பெரும் பேறு என்பது நடுநாட்டு வைணவர்களின் நம்பிக்கை. பரிக்கல் திருச்சி நெடுஞ்சாலையில், விழுப்புரத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே. பூவரசன்குப்பம் தென்பெண்ணைக் கரையில், சிறுவந்தாடு வழியாக உள்ளே செல்ல வேண்டிய சிற்றூர். பதினாறு கரங்களோடு இரணியனை வதைக்கும் சிங்கிரிகுடியார் கடலூர் எல்லையில், பாகூருக்குப் போகும் பக்கம். காலையில் ஒரு நடை திறந்திருக்கும் நேரத்துக்குள் இரண்டும், மாலை நடைக்கு ஒன்றுமாக அமைத்துக்கொள்ள வேண்டும். பேருந்து மாறி மாறிப் போகும் முதியவருக்கு இது ஒரு நாளில் முடியாது. காரில் வந்தால், உச்சிவேளையில் நடை சாத்தியிருக்கும்போது எங்காவது நிழலில் சாய்ந்துகொள்ளவும் நேரம் இருக்கிறது.

பாகூர்ப் பக்கத்துக்காரர்களின் பாதை தெற்கு நோக்கியது. 1880-இல் பிரெஞ்சு அரசு உள்ளாட்சிக்காகப் புதுச்சேரிப் பகுதியை நான்கு கொம்யூன்களாகப் பிரித்தபோது புதுச்சேரி, உழவர்கரை ஆகியவற்றோடு வில்லியனூரும் பாகூரும் இடம்பெற்றன. நிலம் ஒரே துண்டாக இல்லாமல் தமிழகத்து ஊர்களோடு கலந்து கிடப்பதால், ஒரு காலைப் பொழுதுக்குள்ளேயே எல்லைப் பலகைகள் பலமுறை வந்து போகும். வயலுக்கோ ஏரிக்கோ அந்த எல்லை தெரியாது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். ஏரி நிறைந்திருக்கும் தை, மாசி மாதங்களில் கரைமேல் வண்டியை நிறுத்தி இறங்கினால் நாரைகளையும் நீர்க்காகங்களையும் பார்த்துக்கொண்டே ஒரு வாய் காபி குடிக்கலாம்.

பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலத்தது, அம்பிகை வேதாம்பிகை. அதிட்டானத்தைச் சுற்றிக் கையளவே உள்ள நடனச் சிற்பங்களும் புராணக் காட்சிகளும் வரிசையாக இருக்கின்றன. குனிந்து, நின்று, மெதுவாக நகர்ந்து பார்க்க வேண்டியவை. அவசரமாக வந்து கற்பூரம் ஒற்றிக்கொண்டு போகிறவர் கண்ணில் அவை படுவதில்லை. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இவ்வூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதன் பராமரிப்புக்கு மூன்று கிராமங்களைத் தானமளித்ததைக் கூறும் பாகூர்ச் செப்பேடுகள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. வேதமும் சாத்திரங்களும் கற்க அந்நாளில் இங்கே வந்தவர்கள் ஆற்றையும் வயலையும் கடந்து நடந்தே வந்திருப்பார்கள். ஊர் பெற்ற செப்பேடு மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டது.

பாகூரை விட்டால் சிறிது நேரத்தில் கடலூர். சமணர்கள் கல்லோடு கட்டிக் கடலில் வீழ்த்திய அப்பர் பெருமான் கரையேறிய மண். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர், சற்று மேற்கே திருவந்திபுரத்தில் தேவநாதன், குன்றின்மேல் ஹயக்ரீவர். இன்னும் தெற்கே போனால் தில்லை. அதிகாலையில் கிளம்பினால் காலை பூஜைக்கு நடராசர் சந்நிதியில் நிற்கலாம். மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு திரும்பலாம். இரவில் தன் கட்டிலில், தன் தலையணையில் படுத்து உறங்க முடிவதன் அருமை முதுமையில்தான் தெரியும்.

சாலையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 17,000-க்கும் மேற்பட்டோர் விபத்துகளில் உயிரிழந்தனர். விமானப் பயணம் அதைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. பிள்ளைகளின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆகவே தரைவழியை விரும்பும் பெரியவர்கள் சில கட்டுப்பாடுகளைத் தாங்களே ஏற்க வேண்டும். இருட்டில் பயணம் கூடாது. விடிந்த பிறகு புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிட வேண்டும். ஓட்டுநர் முந்தைய இரவு நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தரிசன வரிசையில் தாமதமானதை வேகத்தில் ஈடுகட்டச் சொல்லக் கூடாது. நெடுஞ்சாலைகளில் பல விபத்துகள் இந்த அவசரத்தில் பிறந்தவை. பின்னிருக்கையில் அமர்ந்தாலும் இருக்கைவார் அணிய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடந்தால் கால் வீங்காது. நீண்ட நேரம் மடக்கிய காலோடு உட்கார்ந்தால் இரத்தம் உறைய வாய்ப்புண்டு என்று மருத்துவர்கள் எச்சரிப்பது காருக்கும் பொருந்தும்.

இயற்கையின் முன் சாலையும் தோற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையும் சங்கராபரணியும் கரைபுரண்டபோது பாகூர்ப் பகுதிக் கிராமங்கள் தண்ணீரில் நின்றன, சாலைகள் துண்டிக்கப்பட்டன. கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கம் வருபவர்கள் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். மறு ஆண்டு அதே டிசம்பரில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, சபரிமலைக்குப் புறப்பட்டவர்கள் உட்படப் பலர் நிலையங்களில் தரையில் படுத்துக் கிடந்ததும் நினைவிருக்கும். இரண்டு வழிகளுக்கும் அதனதன் பொல்லாத காலம் உண்டு.

தொலைவுக்கும் ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பகலில் போய்ச்சேரும் தலங்கள் காருக்கு உரியவை. ஹைதராபாத்திலிருந்து தேருக்கு வரும் பெற்றோர் விமானத்தில் வருவதே நல்லது. காசிக்கு இங்கிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். எழுபது வயதில் அவ்வளவு தூரத்தைக் காரில் கடப்பேன் என்பது பக்தியாகாது, பிடிவாதம். இரயிலோ விமானமோ, உடம்புக்கு ஏற்றதைக் கொள்ளட்டும்.

காசி என்றதும் திருக்காஞ்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. வில்லியனூருக்கு அருகே, சங்கராபரணிக் கரையில் கங்கைவராக நதீஸ்வரர் கோயில். அகத்தியர் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லப்படும் லிங்கம் பதினாறு பட்டைகள் கொண்டது. அம்பிகை காமாட்சியாகவும் மீனாட்சியாகவும் இரு சந்நிதிகளில் அருள்கிறாள். ஆறு இங்கே வடக்கு நோக்கித் திரும்புவதைச் சிறப்பாகச் சொல்வார்கள். முன்னொரு காலத்தில் அந்தணர் ஒருவர் தந்தையின் அஸ்தியைக் கலசத்தில் சுமந்து, தொலைதூரப் புண்ணியத் துறையில் கரைக்க நடந்துகொண்டிருந்தார். வழியில் இந்த ஆற்றங்கரையில் இளைப்பாறினார். நீராடிவிட்டுக் கலசத்தைத் திறந்து பார்த்தபோது உள்ளே எலும்பு இல்லை, மலர்கள் இருந்தன. அன்று முதல் இத்தலம் காசியிலும் வீசம் அதிகம் என்று சொல்லப்படுகிறது என்கிறது தலபுராணம். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. பதினாறு பட்டை லிங்கத்துக்கும் அந்தப் பதினாறுக்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, முதியவர்கள் அதைச் சேர்த்தே சொல்கிறார்கள்.

அந்தக் கதை நடந்ததற்குக் காரணம் அவர் இளைப்பாறியது. போகவேண்டிய துறை வேறு. வழியில் களைத்து நின்ற இடத்தில் தந்தைக்குக் கதி கிடைத்துவிட்டது. இன்று அஸ்திக் கலசத்தை விமானத்தில் கொண்டுபோவதற்குத் தடையில்லை. ஆனால் இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கேட்கப்படும். நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். கலசம் கதிர்ப்பெட்டிக்குள் போய் வெளியே வரும். தந்தையை அல்லது தாயை இழந்து பத்து நாள்கூட ஆகாத ஒருவர், அந்தப் பட்டையில் பெட்டிகளுக்கும் பைகளுக்கும் நடுவே கலசம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வில்லியனூர், பாகூர்ப் பகுதிக் குடும்பங்களில் பலர் அந்த நிலைக்குத் தங்களை ஆளாக்கிக்கொள்வதில்லை. வெள்ளைத் துணியில் முடிந்த கலசத்தை மூத்த மகன் மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர, மற்றவர்கள் பின்னால் அமர, வண்டி மெதுவாகத் திருக்காஞ்சிப் படித்துறைக்கு வருகிறது. வழியில் யாரும் எதையும் திறந்து காட்டச் சொல்வதில்லை.

குரு பகவான் மேஷ ராசியில் புகும்போது கங்கைக்குப் புஷ்கரம். 2023 ஏப்ரல் 22 முதல் மே 3 வரை காசியில் கங்கா புஷ்கரம் நடந்த அதே நாள்களில், திருக்காஞ்சியிலும் சங்கராபரணிக்குப் புஷ்கர விழா எடுத்தார்கள். காசிக்குப் போகும் வலு இல்லாத எத்தனையோ முதியவர்கள் அந்தப் பன்னிரண்டு நாள்களில் இங்கே நீராடினார்கள். அடுத்த புஷ்கரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஆனால் மாசி மகம் ஆண்டுதோறும் வருகிறது. அன்று விடியும் முன்பே வில்லியனூரிலிருந்து வரும் சாலையில் வண்டிகள் வரிசை கட்டும். கார்களுக்கு நடுவே, பூவலங்காரம் செய்த டிராக்டர்களிலும் சிறு லாரிகளிலும் சுற்றுப்புற ஊர்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார்கள். சுவாமி வண்டிக்கு வழிவிட்டுக் கார்கள் ஓரம் கட்டும். கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி இறங்கும் பெரியவர்கள், சாலையோரத்தில் நின்றபடியே முதல் தரிசனத்தை முடித்துக்கொண்டு, எள்ளும் தருப்பையும் உள்ள பையோடு ஆற்றுக்கு இறங்குவார்கள்.